எண்ணெய் பிடித்து வைத்திருந்தது

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். அந்த வார்த்தையை இந்த முறை கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். எழுத முடிகிறதா பார்ப்போம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். நீ கூப்பிட்டால் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்துவிடுகிறாள். பக்கத்து வீட்டுத் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். இத்தனை பேர் காதுக்கு நடுவில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முட்டிவலி போன மாதத்தைவிடத் தேவலை. நீ கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரை உயர்த்திப் பிடித்திருக்கிறாயே, பத்திரிகையில் வந்த படம், அதற்குச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டாள். ஆவி பட்டுக் கண்ணாடி மங்கிவிடுகிறது. தினமும் காலையில் துடைக்கிறாள். துடைக்கும்போது உன்னோடு பேசவும் செய்கிறாள். நான் வீட்டில்தான் இருக்கிறேன், என்னோடு அவ்வளவு பேசுவதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் கிணற்றைக் காட்டுகிறாள். "பின்னால இருந்த இன்ஜின் பட்டறையில நாப்பது வருஷமா எண்ணெயைக் கொட்டிக் கொட்டி மண்ணெல்லாம் கருப்பா கெடந்துச்சு. வாளியை எடுத்தா தண்ணி மேல வானவில்லாட்டம் மினுங்கும். எம்பையன் கம்பெனிதான் வந்து கழுவுச்சு. மொத டம்ளர் அவன்தான் குடிச்சான்" என்று சொல்லி, வந்தவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிடுகிறாள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. அப்பா அந்தப் பட்டறையில் வேலை பார்த்த நாளில் அவர் சட்டையை நம் துணிகளோடு சேர்த்து ஊறவைக்க மாட்டாள் அம்மா. அதே மண்ணை நீ தோண்டி எடுத்து, சுழலும் பெரிய உருளையில் போட்டு, சோப்புத் தண்ணீரால் அலசி, பழுப்பு நிறமாக்கித் திரும்பக் கொட்டியபோது தெருவே சுவரேறிப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு வேறொரு ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வந்தது. அதோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கிணற்றுத் தண்ணீர் ஒன்று வேண்டும். நம் வீட்டில் இல்லாத நல்ல தண்ணீரா என்று நம் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துப் போனேன். இயந்திரத்தில் கோடு தட்டையாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான்கு இடத்தில் மேடு மேடாக எழுந்து நின்றது. இன்ஜின் கழிவிலும் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயிலும் இருக்கும் அதே நஞ்சுகள்.

பாட்டில் அழுக்காக இருக்கும் என்று நினைத்தேன். புதுப் பாட்டிலில் மறுபடி எடுத்தேன். மூன்று முறை பார்த்துவிட்டேன். நீ மண்ணைக் கழுவுவதற்கு முன்னால் எடுத்த அளவு பழைய பதிவேட்டில் இருக்கிறது. வானவில் மினுங்கிய அந்தத் தண்ணீரில் இதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கிறது.

கழுவி முடித்தபோது மண்ணில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் இருந்தது? நிலம் சுத்தம் என்று கொடுத்த சான்றிதழில் "வரம்புக்குள்" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. உன் சொந்த நோட்டில் சரியான எண் இருக்கும். பார்த்து எழுது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. தொப்பியில்லாமல் வெயிலில் நிற்காதே.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "அக்கா, பாட்டிலைச் சரியாகக் கழுவினாயா?" என்று கேட்டிருக்கிறாய். இருபத்திரண்டு வருஷமாகப் பாட்டில் கழுவிச் சம்பளம் வாங்குகிறேன், தம்பி. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் பால் பாட்டிலையும் நான்தான் கழுவினேன். அப்போது உனக்கு வயிற்றுப்போக்கு வந்ததாக நினைவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபப்பட எனக்குத் தகுதியில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய எண்ணைப் பார்த்தேன். வரம்பைத் தொட்டதும் கழுவுவதை நிறுத்தியிருக்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. கொடுத்த வேலை அதுதான். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்து கூடத்தின் பொருளறைக்குப் போனேன். அங்கே உன் மண்ணின் பழைய ஜாடிகள் இன்னும் இருக்கின்றன. கழுவாத கருப்பு மண் ஒன்று. நீ கழுவிய பழுப்பு மண் ஒன்று. எண்ணெய் துளியும் இல்லாமல் நானே கரைத்தெடுத்த மண் ஒன்று. மூன்றையும் மூன்று பாட்டிலில் போட்டு, ஒரே அளவு தண்ணீரும் ஒரே அளவு நஞ்சும் சேர்த்து, குலுக்கும் மேசையில் ஒரு முழு நாள் குலுக்கினேன். பிறகு தெளியவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதித்தேன். மண் பிடித்துக்கொண்டது போக மீதிதான் தண்ணீரில் இருக்கும்.

கருப்பு மண்ணின் தண்ணீரில் அநேகமாக ஒன்றுமே இல்லை. நான் கரைத்தெடுத்த மண்ணின் தண்ணீரில் கொஞ்சம் இருந்தது. உன் மண்ணின் தண்ணீரில் அதைப்போல் மூன்று மடங்கு.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். அந்த நஞ்சுகளுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய்தான் ஆகும். நாற்பது வருஷமாக அந்தக் கருப்புப் பிசுக்கு அவற்றை இழுத்துத் தன்னுள்ளே வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அதுவும் அழுக்குதான், ஆனால் தன்னைவிடப் பெரிய அழுக்கைப் பிடித்து வைத்திருந்த அழுக்கு. அதை நீ முழுவதும் எடுத்திருந்தால், மண்ணில் இயற்கையாக இருக்கும், இலைதழை மக்கிய மட்காவது கொஞ்சம் பிடித்திருக்கும். பாதியில் நின்றதால் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் மிஞ்சிவிட்டது. அந்தப் படலம் தானாகப் பிடிக்கும் அளவுக்குத் தடிமனும் இல்லை, மட்கின் மேல் ஒட்டிக்கொண்டு அதைப் பிடிக்கவும் விடவில்லை. மண்துகளுக்குள் ஒளிந்திருந்த நஞ்சு இப்போது ஒவ்வொரு மழைக்கும் கிணற்றுக்கு நடந்து வருகிறது.

இனி என் பங்கு. நீ வேலையைத் தொடங்கும் முன் என்னிடம் வந்து, "எண்ணெய் போயிட்டா மீதியை மண்ணே பிடிச்சுக்குமாக்கா?" என்று கேட்டாய். நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. சோதித்துச் சொல்கிறேன் என்றேன். எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. எண்ணெய் மண் வந்தால், முதலில் எண்ணெயை முழுக்கக் கரைத்து எடுத்துவிட்டுத்தான் மற்ற சோதனைகளைச் செய்வோம். எண்ணெய் உள்ளே போனால் இயந்திரத்தின் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும், மாற்றுக் குழாய் வர மாதக்கணக்காகும். எனக்கு முன் இருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், நானும் செய்தேன். வேலைக்கு வருகிற புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

அப்படித் துடைத்துவைத்த மண்ணைச் சோதித்துவிட்டுத்தான் உனக்கு "பிடிக்கும்" என்று எழுதிக் கொடுத்தேன். நீ உருளையிலிருந்து திரும்பக் கொட்டப்போகும் மண் அது இல்லை என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை. எண்ணெயோடு ஒருமுறை, பாதி எண்ணெயோடு ஒருமுறை குலுக்கிப் பார்த்திருந்தால் இரண்டு நாளில் தெரிந்திருக்கும். இயந்திரக் குழாய் பத்திரமாக இருக்கிறது, தம்பி. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். தப்பு உன்னுடையது பாதி, என்னுடையது பாதி என்று பிரித்துப் பார்த்தேன். என் பக்கம்தான் கூடுதலாக வருகிறது. நீ அக்காவை நம்பினாய்.

கூடத்தின் தலைவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுவதும் படித்தார். பிறகு, "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா ஃபாரத்துல எண்ணெய் அளவுக்குத்தான் கட்டம் இருக்கு. அது வரம்புக்குள்ள இருக்கு. இதை நான் எந்தக் கட்டத்துல எழுதுவேன்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே என்னிடம் யோசனை கேட்டார். கிணற்றுத் தண்ணீர் சோதிக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் உப்பும் கிருமியும் பார்ப்பார்களாம். இரண்டும் சரியாக இருக்கிறது என்று நம் கிணற்றுக்கு நல்ல பெயர் கொடுத்து ஒரு தாளை நீட்டினார்கள்.

மரக்கரியை நன்றாகப் பொடித்து அந்த மண்ணில் கலந்தால் அது நஞ்சைப் பிடித்து வைக்கும் என்று உனக்கும் தெரியும். அதையும் கேட்டுப் பார்த்தேன். சுத்தமானது என்று சான்றிதழ் கொடுத்த நிலத்தில் சுத்தம் செய்யும் வேலைக்கு அனுமதி கொடுக்க விதியில்லையாம். அழுக்கு என்று அறிவித்தால்தான் கொடுக்கலாம். அழுக்கு என்று அறிவிக்க எண்ணெய் வரம்பைத் தாண்ட வேண்டும். பேசாமல் அந்த எண்ணெயை வாங்கிவந்து திரும்ப ஊற்றிவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். யோசித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

வீட்டில் நான் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதில்லை. வேலையிலிருந்து வரும்போது வேறு தெருக் குழாயில் ஒரு கேன் பிடித்து வருகிறேன். அம்மா கேட்டாள். தொண்டை கட்டுகிறது என்று பொய் சொன்னேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். சொல்வதற்குள் உன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
அக்கா


மே 26

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எண்களை நீயும் போட்டுப் பார்த்து, நான் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாய். அதற்காகவாவது சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், அடுத்த பக்கத்திலேயே இப்போது நீ வேலை செய்யும் ஊரிலும் அதே உருளை, அதே வரம்பு, இதைவிட ஐந்து மடங்கு பெரிய இடம் என்று எழுதியிருக்கிறாய். மேலதிகாரியிடம் சொன்னாயாம். "நம்மகிட்ட எண்ணெயைத்தான் எடுக்கச் சொன்னாங்க, தண்ணியைப் பத்திக் கேக்கலையே" என்றாராம். ஒப்பந்தத்தில் உன் கையெழுத்து இருக்கிறது, பாதியில் விட முடியாது என்கிறாய். அந்த இடத்தைச் சுற்றி எத்தனை கிணறு இருக்கிறது என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கூட்டாமல் குறைக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது உட்காரவைத்துச் சொன்னேன். குற்றம் முதலில் என்னுடையது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "எங்கடி இருக்கு, காட்டு" என்றாள். காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? வாசனை இல்லை, நிறம் இல்லை, ருசி இல்லை. என்னிடம் இருப்பது மேடு மேடாக ஒரு கோடு போட்ட தாள்.

"அப்ப நாறுச்சு, மினுங்குச்சு, அதைக் குடிச்சுத்தான் உங்க ரெண்டு பேரையும் வளர்த்தேன். இப்ப கண்ணாடியாட்டம் இருக்கு, இப்பதான் விஷமா? தம்பி பேரு வாங்கினது உனக்குப் பொறுக்கல" என்று சொல்லிவிட்டு அந்த டம்ளரை என் முன்னாலேயே குடித்தாள். அந்த வார்த்தைகூட எனக்கு வலிக்கவில்லை. அவள் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதுதான் தாங்கவில்லை.

கிணற்றுச் சுவரில் "குடிக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டினேன். கிழித்துவிட்டாள். குடத்தில் கேன் தண்ணீரை ஊற்றி வைத்தேன். ஒரு வாயில் கண்டுபிடித்துத் தொட்டியில் கவிழ்த்தாள். வாளிக் கயிற்றை ஒளித்துவைத்தேன். தையல்காரி வீட்டிலிருந்து புதுக் கயிறு வந்துவிட்டது. தையல்காரியிடமும் சொன்னேன். போன மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது உனக்குத் தெரியும். பயந்துபோய் இரண்டு நாள் கிணற்றுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் போனில் நீ பேசினாய்.

அதைத்தான் எழுத வந்தேன். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உன்னிடம் நேரடியாகக் கேட்டாள், "ஏம்பா, நம்ம கெணத்துத் தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்று. நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். உன் மூச்சு கேட்டது. இணைப்பு போய்விட்டதோ என்று அம்மா போனைத் தட்டினாள். பிறகு நீ, "நல்லாத்தான்மா இருக்கும்" என்றாய். கொஞ்ச நேரத்தில் தையல்காரி குடத்தோடு வந்தாள். பால்மாவு கரைக்கத் தண்ணீர் வேண்டுமாம். என்னைப் பார்க்காமலே இறைத்துக்கொண்டு போனாள்.

உன்னைத் திட்டுவதற்கு ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அத்தனை பேர் காதில் விழும்படி, அவள் ஆசையாகக் கேட்கும்போது, நீ வேறு என்ன சொல்லியிருப்பாய்? நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் தம்பி, நான் ஆயிரம் சொன்னாலும் அவள் காதில் ஏறாது. நீ குடித்ததைப் பார்த்து நம்பினவள், நீ சொன்னால்தான் நம்பாமல் இருப்பாள். தாள், இயந்திரம், அலுவலகம் எதுவும் என்னால் ஆகவில்லை. உன் கையெழுத்தில் ஒரே ஒரு வரி போதும். "அம்மா, நான் தப்பு செய்துவிட்டேன், அந்தத் தண்ணீரைக் குடிக்காதே" என்று. நான்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று வேண்டுமானாலும் சேர்த்து எழுது. அவளுக்கு அது பிடிக்கும்.

இன்னொன்று. இன்னொரு நாள் போனில் பேசும்போது, அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு சரியில்லை என்று சொன்னாயாம். அம்மாவுக்கு அது போதாதா? தையல்காரியின் கணவர் வேலை விஷயமாக நாலைந்து ஊர் சுற்றிவிட்டு உன் ஊர்ப்பக்கம் வருகிறார். ஐந்து லிட்டர் கேனை மூன்று தடவை அலசி, கிணற்றில் இறைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மூடியைத் துணி வைத்து இறுக்கிக் கட்டி அவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள். "பிறந்த வீட்டுத் தண்ணி, வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லு, எல்லாம் சரியாயிரும்" என்று உனக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் அந்தக் கேனைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் நிரப்பியிருக்கலாம். மூடி வரை கை போனது. விட்டுவிட்டேன். நீயே திறந்து பார்க்கட்டும், ஊருக்கு முன்னால் குடித்தவன் தனியாக உட்கார்ந்து அதே தண்ணீரைக் குடிக்க முடிகிறதா பார்க்கட்டும் என்று ஒரு ஆத்திரம். குடிக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே உட்கார்ந்து அம்மாவுக்கு அந்த ஒரு வரியை எழுதுவாய் என்று ஒரு கணக்கு.

கேன் போய் இரண்டு நாளாகிறது. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அம்மா பிள்ளை. அவள் கட்டிய முடிச்சை அவிழ்க்கும்போதே மனசு இளகி, ஒரு டம்ளர்தானே என்று குடித்துவிடுவாய். எனக்குத் தெரியும். கூடத்துப் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கேனுக்கு முன்னால் இது வந்து சேர வேண்டும்.

நலம் என்ற வார்த்தையைக் கடைசியில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இங்கே அப்படி எழுதும்படி யாரும் இல்லை. நீயாவது நலமாக இரு, நூறு வயது வரை இரு. அந்தத் தண்ணீரைக் குடிக்காதே, தம்பி. வாய்கூடக் கொப்பளிக்காதே.

அன்புடன்,
அக்கா